நால்ரோட்டில் வைத்த போர்டு

கரட்டுப்பாளையம் செங்கோடனோடு அவர் மனைவி சுப்பாத்தாள் பேசி நாலரை வருஷம் ஆகிறது. புருஷன் பெண்டாட்டி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாத வீடு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இது அந்த ரகம் இல்லை. வேளைக்குச் சோறு உண்டு, துவைத்த வேட்டி உண்டு, காய்ச்சல் என்று படுத்தால் நெற்றியில் பற்றும் உண்டு. வாய் மட்டும் திறக்காது. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் சுப்பாத்தாள் நேரே கட்டுத்தரைக்குப் போய் மாட்டிடம், "ரேசன் கடைக்குப் பாமாயில் வந்துருக்குதாமா" என்பாள். செங்கோடன் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டு கார்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்த மாட்டுக்குத் தெரியாத குடும்ப சமாச்சாரம் அந்த வீட்டில் ஒன்றும் பாக்கியில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அவர்களுக்கு ஒரே மகள், வர்ஷினி. கோயமுத்தூரில் படித்து, துடியலூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஜேக் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் லேத் பட்டறை வைத்திருந்தான். மதம் வேறு, சாதி வேறு. கல்யாணம் முடிந்த பிறகுதான் போனில் சொன்னாள். அவள் சொன்ன மறுநாளைக்கு மறுநாள், காங்கேயம் ரோட்டில் நான்கு சாலையும் கூடுகிற இடத்தில், டிரான்ஸ்பார்மர் ஓரமாக ஒரு பிளக்ஸ் போர்டு நின்றது. ஆளுயரப் போர்டு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் வர்ஷினியின் படம். கீழே தோற்றம் என்று அவள் பிறந்த தேதி, மறைவு என்று அவள் கல்யாணத் தேதி. வைத்தவர் செங்கோடன்.

போர்டு வைத்துவிட்டு வந்து, தோட்டத்து மோட்டாரைப் போட்டுத் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டார். ஈரத் துண்டோடு வாசலில் நின்று, "இனி அவகூட இந்த ஊட்டுல எவளாச்சு ஒரு வார்த்தை பேசுனா என்ற பொணத்தத்தான் பாக்கோணும்" என்றார். வீட்டில் இருந்தது ஒருத்திதான். ஆனாலும் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

சுப்பாத்தாள் அழுது முடித்திருந்தாள். எழுந்து வந்து நிதானமாகத்தான் சொன்னாள்.

"பேசலீங்க. நீங்க சொல்லிப்போட்டீங்க, நான் பேசலீங்க. ஆனா நாலு பேரு பாக்க என்ற புள்ள செத்துட்டான்னு எழுதி வெச்சீங்கல்ல, அதே நாலு பேரு பாக்க அவ உசுரோட இருக்கறான்னு என்னைக்குச் சொல்றீங்களோ, அன்னைக்குத்தானுங்க உங்ககூடப் பேச்சு."

இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். வாக்குத் தவறாத குடும்பம் என்று அவர்களுக்கு முன்பே பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாலரை வருஷம் அந்த வீட்டில் மாட்டிடம் பேசுகிற குரலைத் தவிர வேறு மனிதக் குரல் கேட்கவில்லை.

இந்த மாசி மாதம் ஒரு நாள் மத்தியானம், செங்கோடன் கொப்பரைக் களத்திலிருந்து வழக்கத்துக்கு முன்பாகவே வீட்டுக்கு வந்தார். சமையலறையில் சுப்பாத்தாள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தமே அவருக்கு மறந்துபோயிருந்தது, முதலில் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். எட்டிப் பார்த்தார். அவள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் வர்ஷினி. ஏதோ மேடை, கையில் மைக். பேசக்கூடாது என்றுதானே சொன்னார், பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லையே. சுப்பாத்தாள் சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். செங்கோடன் செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிக் களத்துக்கே போய்விட்டார்.

மகள் கோயமுத்தூரில் மேடை ஏறிச் சிரிக்க வைக்கிறாள் என்றும், ஒரு கட்சிக்காரர்கள் அவளைக் கூட்டத்துக்குக் கூட்டம் கூப்பிடுகிறார்கள் என்றும் அவர் காதுக்கு வந்துதான் இருந்தது. தலைவர் வருகிற வரைக்கும் கூட்டம் கலையாமல் இருக்க முன்பெல்லாம் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள், இப்போது இப்படி ஒரு ஆள். அது செங்கோடனுடைய கட்சி இல்லை. எதிர்க்கட்சி. அதையும் சேர்த்துத்தான் அவர் மனதில் கோபமாக வைத்திருந்தார்.

பத்து நாள் கழித்து, பேக்கரி சுவரில் ஒரு போஸ்டரைப் பார்த்தார். 'நால்ரோட்டில் மாபெரும் பொதுக்கூட்டம்.' தலைவர்கள் படத்துக்குக் கீழே, வட்டத்துக்குள் வர்ஷினி. 'நகைச்சுவைத் தென்றல் செ. வர்ஷினி.' செங்கோடன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தையே பார்த்தார். செ. கல்யாணம் ஆனால் புருஷன் பெயரைப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். அவள் போடவில்லை. செத்துவிட்டாள் என்று ஊர் நடுவில் எழுதி வைத்தவரின் எழுத்தை அவள் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டே சுற்றியிருக்கிறாள். டீ ஆறிப்போனது. குடிக்காமலே வைத்துவிட்டு வந்தார்.

கூட்டத்தன்று காலை காங்கேயம் போய் ஜவுளிக்கடையில் ஒரு பொன்னாடை கேட்டார். கடைக்காரர் பத்து எடுத்துப் போட்டார்.

"எந்தத் தலைவருக்குங்க?"

"ஒரு பொண்ணுக்குங்க."

"மகளிரணிங்களா? அப்ப இந்த அரக்குல எடுத்துக்கோங்க, எடுப்பா இருக்கும்."

செங்கோடன் அரக்கிலேயே எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, அந்த மஞ்சள் பையைச் சுப்பாத்தாள் கண்ணில் படுகிற மாதிரி நாற்காலியில் வைத்தார். அவள் பையைத் திறந்து பார்த்தாள். துணியைத் தடவிப் பார்த்தாள். திரும்ப மடித்து வைத்துவிட்டு, கட்டுத்தரைக்குப் போகாமல், மாட்டிடமும் சொல்லாமல், அவர் கட்டுவதற்கு ஒரு சலவை வேட்டியை எடுத்து வைத்தாள்.

அங்கேதான் ஒரு தப்பு நடந்தது, அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. முப்பது வருஷமாகக் கட்சிக்காரர். வீட்டில் இருக்கிற வேட்டி அத்தனையும் அவர் கட்சிக் கரை போட்டது. சலவையில் இருந்து வந்ததும் அதுதான், கட்டிக்கொண்டு போனதும் அதுதான். எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு இந்தக் கரையோடு போகிற ஆள் நம்ம பக்கத்தில் ஒன்று குடிகாரனாக இருப்பான், இல்லை கட்சி மாறப் போகிறவனாக இருப்பான்.

நால்ரோடு சாயங்காலம் ஐந்து மணிக்கே நிரம்பிவிட்டது. பல்லடத்திலிருந்தும் வெள்ளகோவிலிலிருந்தும் வேன் வேனாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முன்னால் போட்ட நாற்காலிகளில் எல்லாம் வெளியூர் முகம். உள்ளூர்க்காரர்கள் பேக்கரி வாசலிலும் வண்டிகளின் மேலும் தள்ளித்தான் இருந்தார்கள். யார் யாருடைய கூட்டத்துக்கு வந்தார்கள் என்று நாளைக்கு ஒரு கணக்கெடுப்பு நடக்கும் அல்லவா, அதற்குப் பயம். செங்கோடன் டிரான்ஸ்பார்மர் ஓரமாகப் போய் நின்றார். நின்ற பிறகுதான் அந்த இடம் எது என்று உறைத்தது. போர்டுக்கு நட்ட சவுக்குக் கட்டையின் குழி மண் மூடிக் காலடியில் கிடந்தது.

வர்ஷினி மேடைக்கு வந்தாள். பருத்திப் புடவை, வெட்டிய முடி. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். செங்கோடன் துண்டை எடுத்து முகத்தின் பாதியை மூடிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல இருந்து வாரேன். வர்ற வழியில புதுசா ரோடு போட்டிருக்கறதா சொன்னாங்க. நானும் சன்னலோரம் உக்காந்து தேடிட்டே வந்தனுங்க. பல்லடம் தாண்டி ஒரு எடத்துல இருந்துச்சு. டிரைவரண்ணன் வண்டிய நிறுத்தி, எறங்கிப் பாத்துட்டு வா அம்மணின்னாரு."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அடுத்து கொப்பரை விலையைப் பிடித்தாள், அப்புறம் குடிதண்ணீர், அப்புறம் வாக்காளர் பட்டியல். ஒவ்வொன்றிலும் ஆளுங்கட்சியை இழுத்து வைத்து அடித்தாள். அடிபட்டது தன் கட்சி என்று தெரிந்தும் துண்டுக்குள் செங்கோடன் உதடு ஒரு தடவை விரிந்துவிட்டது. பிறகு அவள் கையை நீட்டி டிரான்ஸ்பார்மரைக் காட்டினாள். செங்கோடன் துண்டைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டார்.

"அதோ அந்த எடத்துலதானுங்க எங்கப்பா எனக்குக் கண்ணீர் அஞ்சலி வெச்சாரு. தலைவருங்களுக்கெல்லாம் பொறந்த நாள் பேனர், வாழ்த்து பேனர்னு படிப்படியாத்தான் வெப்பாங்க. எனக்கு எடுத்ததும் கடைசி பேனர். கல்யாண நாளும் கருமாதி நாளும் எனக்கு ஒண்ணுங்க. எங்கூட்டுக்காரரு வருசா வருசம் முழிக்கறாரு, கேக் வெட்டறதா, தெவசம் குடுக்கறதான்னு."

சிரிப்பு அலையாக எழும்பியது. அவள் அது அடங்கக் காத்திருந்தாள்.

"போன எலக்சன்ல ஓட்டுப் போட வந்தனுங்க. பூத் ஏஜெண்டு என்னையப் பாத்துட்டு, அம்மணி, நீதான் செத்துப்போயிட்டியேன்னாரு. ஏனுங்கண்ணா, நம்ம தொகுதியில செத்தவங்கதானுங்களே காலையில ஏழு மணிக்கே வந்து மொத ஓட்டுப் போடறாங்க, என்னைய மட்டும் ஏன் நிறுத்தறீங்கன்னு கேட்டேன்."

நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பேக்கரி வாசலில் மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் ஓரக்கண்ணால் செங்கோடனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் மன்னிச்சரலாமுங்க. அந்த போட்டோவத்தான் மன்னிக்க முடியல. வெயில்ல கண்ண மூடிட்டு மூஞ்சியச் சுளிச்சுட்டு நிக்கற போட்டோ. பீரோ நெறைய நல்ல போட்டோ இருந்துச்சுங்க. செத்தவளுக்குன்னாலும் நல்லதா ஒண்ண எடுத்து வெச்சா ஆகாதுன்னு எங்கப்பா தேடிப் புடிச்சு எடுத்திருக்கறாரு."

அவர் தேடவில்லை. அன்றைக்குப் பீரோ சாவியைச் சுப்பாத்தாள் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே தாழ் போட்டுப் படுத்திருந்தாள். பிளக்ஸ் கடையில் படம் எங்கே என்று கேட்டதும் செங்கோடன் தன் மணிபர்ஸைத் திறந்தார். பத்தாவது படிக்கையில் பல்லடத்தில் நடந்த பேச்சுப் போட்டியில் வர்ஷினி முதல் பரிசு வாங்கினாள். உச்சி வெயிலில் கோப்பையோடு நிற்க வைத்து எடுத்த படம் அது. கோப்பை தெரியாமல் முகத்தை மட்டும் வெட்டி அவர் பர்ஸில் வைத்துக்கொண்டார். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு படத்தைத் திருப்பிக் கொடுத்தார். மறைவு என்று தேதி எழுதிக் கொடுத்த அதே கை அதை வாங்கி, மடங்காமல் பார்த்துப் பழையபடி பர்ஸுக்குள் வைத்தது. இப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது. செங்கோடன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேடையில் குரல் மாறியது.

"இவ்வளவு நேரம் சிரிச்சீங்க, சந்தோசமுங்க. எங்கூட்டுல போர்டோட நின்னுச்சு. அதனால உங்க முன்னாடி நின்னு பேசிட்டிருக்கறேன். எல்லா ஊட்டுலயும் போர்டோட நிக்கறதில்லீங்க. எத்தனை புள்ளைங்க தண்டவாளத்துலயும் கெணத்துலயும் கெடந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும். அதுக்குத் தனியா ஒரு சட்டம் வேணும்னு கேக்கறம். இதுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

ஆயிரம் பேர் இருந்த இடத்தில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. செங்கோடனுக்கு அந்த நாலரை வருஷத்துக்கு முந்தைய ராத்திரி வந்து எதிரில் நின்றது. பங்காளிகள் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். "நீ தலைய மட்டும் அசை அண்ணா, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றான் அதில் ஒருவன். அவர் தலையை அசைக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் உடனே சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கு விடிகிற வரைக்கும் பிடித்தது. விடிந்ததும், "எனக்கு அவ செத்துட்டா, செத்தவள என்ன பண்றது, உடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் போர்டுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் போர்டுதான் மகள் உயிரைக் காப்பாற்றியது என்று பின்னாளில் தனக்குத் தானே பலதடவை சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதி நிஜம்தான். மீதிப் பாதி வீம்பு. அந்த விடிகிற வரைக்குமான நேரத்துக்கு என்ன சமாதானம் சொல்வது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியவில்லை.

அவள் பேசி முடித்தாள். நம்ம கூட்டங்களில் பேச்சு முடிந்ததும் பொன்னாடை போர்த்தும் படலம் ஒன்று உண்டு. கையில் துணியோடு ஒரு வரிசை மேடைக்கு ஏறும். ஒலிபெருக்கியில் ஒவ்வொருவர் பெயரும் ஊரும் சொல்லப்படும். போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள், போர்த்திய வேகத்திலேயே அதை உருவிப் பின்னால் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குத் தோளைக் காட்ட வேண்டும். வர்ஷினி உருவிக் கொடுக்கக் கொடுக்க, பின்னால் நின்ற ஒல்லியான பையன் வாங்கி நாற்காலியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அதுதான் ஜேக் என்று செங்கோடன் ஊகித்துக்கொண்டார். முதல் தடவையாகப் பார்க்கிறார்.

வரிசையில் கடைசியாக நின்றார். முகத்தை மூடிய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மஞ்சள் பையிலிருந்து பொன்னாடையை எடுத்துக்கொண்டு படி ஏறினார். பெயர் சொல்கிற வேலை பல்லடத்து வேலுமணிக்கு. அவருக்கு இந்த ஊர் ஆட்களை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கரை தெரியும். செங்கோடன் வேட்டியைக் கண்டதும் வேலுமணியின் கண் விரிந்தது.

"பேரு, ஊரு சொல்லுங்கய்யா."

"செங்கோடனுங்க. கரட்டுப்பாளையம்."

"எத்தன வருசமா அங்க இருக்கறீங்க?" என்று வேட்டிக் கரையைக் கண்ணால் காட்டினார் வேலுமணி.

"முப்பது வருசம் இருக்குமுங்க."

அவ்வளவு போதும் வேலுமணிக்கு. மைக்கைத் தூக்கிப் பிடித்தார். "மாற்றுக் கட்சியில் முப்பது ஆண்டு காலம் பாடுபட்ட, கரட்டுப்பாளையம் பெரியவர் செங்கோடன் அய்யா அவர்கள், அந்தக் கட்சியின் போக்குப் பிடிக்காமல் இன்று நம் இயக்கத்தில் தன்னை இணைத்துக்கொண்டு, பொன்னாடை போர்த்துகிறார்."

பட்டாசு வெடித்த மாதிரிக் கைதட்டல். வர்ஷினி முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான்கு பக்கத்து ஒலிபெருக்கியிலும் அந்தப் பெயர் வந்ததும் கையிலிருந்த பாட்டில் வாயருகே அப்படியே நின்றது. மெல்லத் திரும்பினாள்.

இத்தனை பக்கத்தில் இருவரும் நின்று நாலரை வருஷம். செங்கோடன் பொன்னாடையை விரித்தார். ஒரு முனை நழுவியது. திரும்ப எடுத்துப் போர்த்தினார். துணிக்குக் கீழே அவள் தோளெலும்பு அவர் விரலில் தட்டியது. அவள் அசையவில்லை, உருவிக் கொடுக்கவுமில்லை. செங்கோடன் வேலுமணியிடம் கையை நீட்டி மைக்கைக் கேட்டார். கட்சியில் சேருகிறவர் இரண்டு வார்த்தை பேசுவது வாடிக்கைதான். வேலுமணி சந்தோஷமாகக் கொடுத்தார்.

"நான் கட்சி மாற வரலீங்க" என்றார் செங்கோடன்.

கூட்டம் சிரித்தது.

"இந்த வேட்டிய மறந்தாப்புல கட்டிட்டு வந்துட்டனுங்க."

இன்னும் பலமாகச் சிரித்தது. ஒரு மணி நேரமாகச் சிரித்துச் சிரித்து இளகிப்போயிருந்த கூட்டம் அது. எதைச் சொன்னாலும் சிரிக்கிற பதத்தில் இருந்தது.

"இது என்ற புள்ளைங்க. அந்த போர்டு வெச்சது நாந்தானுங்க." செருமிக்கொண்டார். "என்ற புள்ள சாகலீங்க. நல்லா இருக்குது. உசுரோட இருக்குது. அன்னைக்கு நான் எழுதி வெச்சது பொய்யுங்க. எல்லாரும் கேட்டுக்கோங்க."

விசில் பறந்தது. நாற்காலிகள் குலுங்கின. "அப்பனையும் செட் பண்ணிக் கூட்டியாந்துட்டாங்கப்பா" என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளின் தொடையில் தட்டினார். "பெருசு என்னமா நடிக்குது பாரு" என்றார் இன்னொருவர். வேலுமணியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செங்கோடனுக்கு முதலில் புரியவில்லை. ஆயிரம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்தபோது, அவமானத்துக்குப் பயந்து ஒரு காலத்தில் என்னவெல்லாமோ செய்தவர், அந்த அவமானத்தின் நட்டநடுவில் நின்றார். ஓடத் தோன்றவில்லை. மைக்கைத் தாழ்த்தி மகள் பக்கம் திரும்பினார்.

சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்துப் பிரித்து அவளிடம் காட்டினார். ஓரம் கிழிந்து, நிறம் மங்கிய படம். வெயிலுக்குக் கண் சுருக்கிய பதினைந்து வயது.

"தேடி எடுக்கல கண்ணு" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "என்ற கையில இது ஒண்ணுதான் இருந்துச்சு."

வர்ஷினி அந்தப் படத்தைப் பார்த்தாள். பர்ஸின் பிளாஸ்டிக் உறைக்குள் அது பதிந்து ஒட்டிப்போயிருந்ததையும் பார்த்தாள். அன்றைய கூட்டத்தில் சிரிக்காமல் இருந்தது பேக்கரி வாசலும் அவளும்தான். ஒரே ஒரு வரி போதும், அந்தக் கிழவரை மேடையிலேயே சுருட்டி வைத்திருக்கலாம். அதுதான் அவள் தொழில், வரியும் நாக்கு நுனியில் இருந்திருக்கும். அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"ஏனுங்க, சிரிக்காதீங்க" என்றாள். "இது நான் எழுதுனது இல்லீங்க."

முன்வரிசையில் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நெசமாலுமே எங்கப்பாங்க. சிரிக்காதீங்க."

அப்புறம் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். சிரிப்பு முன்வரிசையில் நின்று, நடுவில் நின்று, கடைசியில் வேன்கள் பக்கமும் நின்றது. சிரித்தவர்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வேலுமணி தலைவர் வந்துகொண்டிருக்கிறார் என்று அறிவிக்க நினைத்து மைக்கைக் கேட்கத் தைரியமில்லாமல் கையைப் பிசைந்தார்.

"அம்மா?" என்றாள் வர்ஷினி, தலையைத் தூக்காமல்.

"இருக்கறா. ஊட்டுக்கு வா அம்மணி. ரெண்டு பேரும் வாங்க."

அவள் தலையை ஆட்டினாள். வருகிறேன் என்று இல்லை, வேண்டாம் என்று.

"உடனே முடியாதுங்கப்பா. அந்த போர்ட நான் இத்தன மேடையில சொல்லிச் சொல்லிச் சிரிக்க வெச்சாச்சு. ஆனா ஒரு நாள்கூட எனக்குச் சிரிப்பு வரல. அது கொஞ்சம் ஆறட்டும்." பிறகு, "அம்மாகிட்டப் பேசறேன். பேசலாமுங்களா?" என்று கேட்டாள்.

நாலரை வருஷத்துக்கு முன் வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்ன அந்தச் சொல் அவள் காதுக்கும் போயிருக்கிறது, அதற்காகத்தான் இந்த அனுமதி கேட்கிறாள். செத்துவிட்டாள் என்று சொல்லப்பட்டவள் அப்பனின் உயிருக்குப் பயந்து இத்தனை காலம் அம்மாவுக்கு ஒரு போன் செய்யாமல் இருந்திருக்கிறாள். அது செங்கோடனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார், மகளைப் பார்த்து. ஜேக் வந்து அவர் முழங்கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டான். "பாத்துங்க மாமா" என்றான். செங்கோடன் கையை உதறவில்லை.

கூட்டம் வழிவிட்டது. பேக்கரி வாசலில் பழக்கமான முகங்கள் தரையைப் பார்த்துக்கொண்டன. ஒருவர் மட்டும், "டீ சாப்டுட்டுப் போங்கண்ணா" என்றார். இருக்கட்டும் என்று சைகை செய்துவிட்டு நடந்தார். நாளைக்குக் கட்சியில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பங்காளிகள் வாசலுக்கு வருவார்கள். வரட்டும்.

வீட்டுக்கு வரும்போது மணி எட்டுக்கூட ஆகவில்லை. சுப்பாத்தாள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது. கட்சிக்காரர்கள் கூட்டத்தைப் போனில் நேரடியாகக் காட்டுவார்கள், அவள் முதலிலிருந்து பார்த்திருக்கிறாள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. செங்கோடன் செருப்பைக் கழற்றிவிட்டு வாளித் தண்ணீரில் கால் கழுவினார். அவள் கட்டுத்தரைப் பக்கம் திரும்பவில்லை. அவரையே பார்த்தாள்.

"ஏனுங்க" என்றாள்.

செங்கோடன் சொம்பைக் கீழே வைத்தார்.

"போன்ல சரியாத் தெரியமாட்டேங்குது. நீங்க தொட்டுப் போத்துனீங்களே. எளைச்சிருக்கறாளா?"

"எளைச்சுத்தான் போயிட்டா" என்றார் செங்கோடன். "தோளெலும்பு கையில தட்டுச்சு. உங்கிட்டப் பேசறேன்னு சொன்னா."

ஈரக் காலோடு அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து, அவளுக்கு முன்னால் வாய்விட்டு அழுதார். சுப்பாத்தாள் அவரைத் தேற்றவில்லை. முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மடியிலிருந்த போனை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.